கார்லீனின் பூட்ஸ்

வெல்டன் காபி போட்டுக் குடிக்கிறான். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுகிறான். தேளில்லை, பாம்பில்லை, மாட்டிக்கொள்கிறான். குதிரைகளுக்குத் தீனி வைத்துவிட்டு வரும்போது பக்கத்துப் பண்ணை மிஸ் ஓப்பல் வாசலில் நிற்கிறாள். அவன் மனைவி கார்லீனின் அடக்கத்தன்று கோழிச்சோறு கொண்டுவந்த பாத்திரத்தை எடுத்து நீட்டுகிறான். "வெறும் பாத்திரத்தையா திருப்பித் தர்றே? உங்கம்மா உன்னை மாட்டுக்கொட்டகையிலயா வளர்த்தா?" என்று சிரித்துக்கொண்டே, சுவரோரம் கிடக்கும் கார்லீனின் சிவப்பு பூட்ஸில் ஒன்றைத் தூக்குகிறாள். "இதை உள்ள வைக்கக் கூடாதா கண்ணு? வெயில்ல தோல் வெடிக்குது பாரு." உள்ளே காய்ந்த விதைகளைக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். கிலுகிலுப்பைப் பாம்பு வாலை ஆட்டும் சத்தம் அது. அவள் விரல்களோ பூட்ஸின் வாய்க்குள் இருக்கின்றன. "அசையாதீங்க, மிஸ் ஓப்பல்." "எங்கடா அசையறேன், மூச்சே விடலை." அவள் உதடு வெளுத்திருக்கிறது. சத்தம் வேகமாகிறது. அவன் குனிந்து, பூட்ஸின் குதிகாலை அடியிலிருந்து பிடிக்கிறான். தோல் வழியே உள்ளே ஏதோ புரள்வது உள்ளங்கைக்குத் தெரிகிறது. "விடுங்க" என்கிறான். அவள் விட்டதும் முற்றத்தில் வீசுகிறான். பாம்பு வெளியே வந்து, அவசரமே இல்லாமல் வேலிக்கு அடியில் போகிறது. மிஸ் ஓப்பல் படியில் உட்கார்ந்துவிடுகிறாள். "உன்னுதைத் தட்டத் தெரியுது, அவளோடதை ஏன்டா இப்படி வெளியவே போட்டு வச்சிருக்கே?" அவள் போய் உயிரோடு திரும்பாத அந்தக் காலையில், செருப்பு மாட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பியபோது கார்லீன் சொன்னதை அவன் அப்படியே சொல்கிறான்: "அதைத் தொடாத வெல்டன், வந்து போட்டுக்கறேன்."