ஒரு சாண் தூரம்

"தம்பி, தண்ணி..."

மேஜையிலிருந்த டம்ளர் அப்பாவின் கைக்கு ஒரு சாண் எட்டவில்லை. மகன் ஓடிவந்து புகட்டினான்.

"இதுக்குன்னே வேலைய விட்டுட்டியா?" என்றார் பார்க்க வந்த மாமா.

"என்ன மாமா செய்யறது? விழுந்ததுலேர்ந்து அவரால தனியா எழுந்திருக்கவே முடியல."

"மச்சான், இப்படிப் பிள்ளை கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்!"

மகன் நெஞ்சை நிமிர்த்தினான். அப்பா கூனிக் குறுகினார்.

மாமாவை வழியனுப்ப மகன் தெருமுனைவரை போனான்.

அப்பா விடுவிடுவென்று எழுந்து நடந்துபோய் அலமாரியைத் திறந்தார். மகனை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் அவன் துணிகளுக்கடியில் அப்படியே இருந்தது. அவர் வழுக்கி விழுவதற்கு முந்தின வாரத் தேதி.

"உனக்கொரு வேலை கிடைக்கட்டும்டா. அப்புறம் நான் நடக்கறேன்" என்று முணுமுணுத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கைக்கு ஒரு சாண் எட்டாமல் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.