நீங்காத ஃபோல்டர்

செல்லிப்பட்டு பால் சொசைட்டியின் கம்ப்யூட்டரில் பால் கணக்குக்கான புது மென்பொருளை ஏற்ற, வில்லியனூரிலிருந்து சுவேதா வந்திருந்தாள். அதில் ஏற்கெனவே இருந்த இரண்டு மென்பொருள்களும் ஒரே ஃபோல்டரைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. இரண்டையும் நீக்கினாள். ஃபோல்டர் மட்டும் போகவில்லை. ‘வேறொன்று இதைப் பயன்படுத்துகிறது’ என்றது திரை.

“இன்னாம்மா, சாயந்தரப் பாலு வந்துடும். வுட்டுடேன்,” என்றார் சொசைட்டி செயலாளர் நடேசன்.

“அது எதுன்னு பாக்காம நான் கெளம்பமாட்டேன் சார்.”

இணையத்தைத் துண்டித்தாள். கம்ப்யூட்டரையே முழுசாக அழித்துவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினாள். ஃபோல்டர் அங்கேயே இருந்தது. நீக்கப் பார்த்தால் அதே பதில்.

சுவேதாவுக்கு வீம்பு ஏறியது. தன் மென்பொருளில் ஒரு வரி சேர்த்தாள்: இது ஓடுவதற்கு ‘யாரோ’ என்ற மென்பொருள் தேவை. அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. அந்த நிமிஷம் வாயில் வந்த பெயர் அது. அப்படி ஒன்று இல்லையென்று கம்ப்யூட்டர் மறுத்திருக்க வேண்டும். ஆனால் ‘யாரோ ஏற்கெனவே உள்ளது’ என்று சொல்லி, ஏற்றும் வேலையை முடித்தது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். ஆனாலும் விடவில்லை. யாரோவை நீக்கச் சொன்னாள்.

‘யாரோவை நம்பி இருப்பவையும் சேர்ந்து நீங்கும்: பால் கணக்கு, நடேசன், சுவேதா. நீக்கலாமா?’

நடேசன் கண்ணாடி போடாமலே திரையை எட்டிப் பார்த்தார். “அதான் கேக்குதில்ல? ஆமான்னு ஒரு தட்டு தட்டு, முடிஞ்சிது,” என்று கையை நீட்டினார்.

சுவேதா ஒரு விசையும் அழுந்தாமல் கீபோர்டைத் தூக்கி, அவர் கைக்கு எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.