எண்பது டிகிரி

"இன்னா அன்பு, பழவேற்காடு இருக்குற பக்கத்தப் போய் கெழக்குன்னு காட்டுது இந்தப் போனு?"

காட்டுப்பள்ளியில் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்த வரதன் போனை நீட்டினார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த செல்போன் கடைக்காரன் அன்புராஜ் அதை வாங்கிப் பார்த்தான்.

"தெச காட்டுற மிஷினெல்லாம் எதுக்குண்ணா உனக்கு?"

"வடக்குலேர்ந்து எண்பது டிகிரி. அது எங்க வருதுன்னு கரெக்டா தெரியணும்."

தூண்களின் தலையில், மேல்தளம் எடுப்பதற்காக விட்டிருந்த கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன. அன்புராஜுக்குப் புரிந்துவிட்டது.

"ஓ, மேல ஊடு கட்டப் போறியா? வாஸ்துக்காரன் சொன்னானா? நேரா கெழக்கப் பாத்து வாசக்கால் வெச்சா போதாதா?"

வரதனின் மனைவி மணியம்மாள் முந்திக்கொண்டு சொன்னாள். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

"சொன்ன ஆளு எண்பதுன்னா எண்பதுதாம்பா. கணக்கு தப்பவே தப்பாது. சீக்கிரம் பாரு, நேரம் போவுது."

"நல்ல நேரமாக்கா?"

"ரொம்ப நல்ல நேரம். பொழுது சாஞ்சா போயிடும்."

அன்புராஜ் போனைத் திருப்பினான். உறையின் மூடியில் காந்தம் இருந்தது. உறையைக் கழற்றி மணியம்மாளிடம் கொடுத்தான். போனை வரதனிடம் திருப்பிக் கொடுத்து, அவர் தோளைப் பிடித்து மாடியின் நடுவுக்கு நகர்த்தினான்.

"கம்பியாண்ட நின்னுக்கினு பாத்தா தப்பாதான் காட்டும். இப்போ லைசென்சுக்கு வண்டில எட்டு போடுவாங்களே, அதே மாரி போன காத்துல சுத்து."

வரதன் சிரத்தையாக எட்டுப் போட்டார். மூன்றாவது சுற்றில், அலைந்துகொண்டிருந்த முள் நிலைக்கு வந்தது. வடக்கு, பழவேற்காட்டுப் பக்கம் போய் நின்றது.

"இப்போ கரெக்டு. எண்பது வர்ற வரைக்கும் மெதுவா திரும்புண்ணா."

வரதன் அடி அடியாகத் திரும்பினார். நின்றார். எதிரே கடல். துறைமுகத்துக்கு வெளியே தூரத்தில் நாலைந்து கப்பல்கள் நின்றிருந்தன. கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மணி, அதோ பாரு. நடுவுல நிக்குற செவப்பு."

மணியம்மாள் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்று, தலைக்கு மேல் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. முகம் சிரித்தபடியே இருந்தது.

அன்புராஜ் குழம்பிப்போனான். "வாசக்கால் வெக்கிற தெசைக்கு இன்னாத்துக்குக்கா கையாட்டுற?"

வரதன் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"வாசக்காலு இல்லப்பா. 'கரைக்கு வர முடியாதுப்பா, நம்மூட்லேர்ந்து எண்பது டிகிரில நிக்கிறேன், அம்மாவ பாக்கச் சொல்லு'ன்னு போன் பண்ணுச்சு. அந்தக் கப்பலுக்குக் கேப்டனே எம்பொண்ணு நர்மதாதான்."