விளக்கமாற்றுக்கு இங்கிலீஷ்

பொம்மனஹள்ளிப் பள்ளிக்கூடத்து மாடியறையில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது, கண்ணுகளா. இங்கிலீஷ் வராத பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் வகுப்பென்று கதவில் பூப்போட்டு எழுதியிருக்கிறது. உள்ளே ரக்ஷிதாவுக்குப் பரீட்சை. தேறாவிட்டால் இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்றுக்கு இறக்கிவிடுவார்கள். டீச்சரம்மா ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுகிறார். "வாட் இஸ் திஸ்?" குழந்தையின் முகம் மலர்கிறது. "வெளக்கமாறு மிஸ்!" டீச்சரம்மா அசையவில்லை. குழந்தை எதிர்வீட்டுக் கன்னடத்தை எடுக்கிறாள். "பொரகே மிஸ்!" அதற்கும் அசைவில்லை. மாடிவீட்டு ஆயிஷாவிடம் பொறுக்கிய உருதுச் சொல்லையும் நீட்டுகிறாள். "ஜாடு மிஸ்?" டீச்சரம்மா பேனாவை மூடிவிட்டு, கதவோரம் நிற்கும் அம்மா விஜியைப் பார்க்கிறார். "இவளுக்கு லாங்குவேஜே இல்லம்மா. ஒண்ணாங்கிளாஸ்லயே உக்காரட்டும்." இல்லையாம்! மூன்று பாஷை அந்த அறைக்குள் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது, அந்தக் காதில் மட்டும் ஒன்றும் விழவில்லையாம். விஜி தன் கழுத்தில் தொங்கும் கார்மெண்ட்ஸ் கம்பெனி அடையாள அட்டையின் கயிற்றை விரலில் முறுக்குகிறாள். "சரியான வாயாடி மேடம் இவ. எங்க சந்தே காதப் பொத்திக்கும்." "அது பேச்சும்மா. லாங்குவேஜ் வேற." சொல்லிவிட்டுப் படத்தைக் கவிழ்க்கிறார். குழந்தை நகரவில்லை. கவிழ்ந்த அட்டையைச் சின்ன விரலால் நிமிர்த்துகிறாள். "மிஸ், இதுக்கு இங்கிலீஷ்ல என்ன மிஸ்?" டீச்சரம்மாவின் கண் வாசலில் காத்திருக்கும் அடுத்த பிள்ளைமேல் இருக்கிறது. "நெக்ஸ்ட்!" என்று கத்துகிறார். விஜி மகளை இழுத்துக்கொண்டு படியிறங்குகிறாள். கீழே ஆயாம்மா வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். அவர் கையில் இருப்பதைப் பார்த்ததும் ரக்ஷிதா துள்ளுகிறாள். "அம்மா, அம்மா! அங்க பாரு, நெக்ஸ்ட்டு!"