பூட்ஸ் மண்

புது இனச் செடி முளைத்த இடத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. இந்தச் சட்டப்படி, செடிக் கணக்கெடுப்பாளர் இசக்கிராஜ் அந்த மலைச்சரிவில் நாற்பது வீடுகளைக் காலி செய்ய வைத்திருந்தார். அழுதவர்களிடம், "செடியால நடந்து போக முடியாதும்மா, உங்களால முடியும்" என்பார்.

காட்டைவிட்டு வெளியே வரும்போதே பூட்ஸைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது விதி. அவர் வீட்டுக்கு வந்து துவைகல்லில் மண்ணைத் தட்டுவதோடு சரி.

அந்தக் கல்லோரம் ஊதா நிறத்தில் ஒரு பூவைப் பார்த்த மனைவி செண்பகவல்லி, அவர் சந்தோஷப்படட்டும் என்று தானே படமெடுத்து அரசாங்கச் செடிப் பதிவேட்டுக்கு அனுப்பினாள்.

மத்தியானமே அவருக்கு உத்தரவு வந்துவிட்டது. செடி புது இனம், அதற்கு அவள் பெயர். காலி செய்ய வேண்டிய வீடு அவருடையது.

"பிடுங்கிப் போட்டுரட்டுமாங்க?" என்றாள் செண்பகவல்லி.

"படம் ஏறிருச்சு. இனி தொட்டா ஜெயில்."

வீடிழந்தவர்களுக்கான முகாமில் அவர் காலி செய்ய வைத்தவர்கள்தான் இருந்தார்கள். யாரும் திட்டவில்லை. வாசலில் நின்ற பேச்சியம்மாள் மட்டும் அவர் காலையே பார்த்தாள்.

"நீங்க கணக்கெடுக்க வந்துட்டுப் போன பொறவுதான் எங்க வீட்லயும் முளைச்சுது சார். பூட்ஸ அங்கயே கழட்டிருங்க. இதுக்கு மேல போக எங்களுக்கு இடமில்ல."