கைக்கு எட்டும் கோப்பை

"காபி ஆறிப்போகுது, குடிப்பா" என்றார் அபூ வலீத், மூன்றாவது தடவையாக.

நிஸார் கோப்பையைத் தொடவில்லை. கூட வந்திருந்த அவன் பெரியப்பா அபூ ஹைதம்தான் பதில் சொன்னார்.

"குடிக்காம எங்க போறான்? உங்க ஜுமானாவை இவனுக்குக் கேட்டு வந்திருக்கோம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கூஜாவோட குடிக்கிறோம்."

அஜ்லூன் மலைப்பக்கத்தில் பெண் கேட்டு வந்தவர்கள், கேட்டது கிடைக்கும்வரை காபியில் வாய் வைக்க மாட்டார்கள். முந்திக்கொண்டு குடித்துவிட்டால் கேட்டது அத்தோடு போயிற்று. நிறைந்த கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனாலோ, வீட்டுக்காரர் ஊரில் தலைகாட்ட முடியாது.

அபூ வலீதுக்குச் சரி என்று சொல்லவும் மனமில்லை, இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லவும் வாய் வரவில்லை. மகளுக்கு இர்பித் நகரத்தில் ஒரு பல் டாக்டரை மாப்பிள்ளையாகப் பார்த்து வைத்திருந்தார். காட்டுச் செடியையும் குருவியையும் பேனாவால் வரைந்து வண்ணம் தீட்டுவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்பது அவர் கட்சி.

ஜுமானா பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். நிஸார் வரையும் செடிகளுக்குச் சரியான பெயர் சொல்லப் போய், அவனோடு பழக்கமானவள். ஆனால் ஒரு வாரமாக அவளும் அவனைக் கேலிதான் செய்துகொண்டிருந்தாள்.

"வரைய ஆரம்பிச்சா அந்த ஆளுக்கு உலகமே தெரியாதுப்பா. டீயில பிரஷை முக்குவார். கைக்கு எட்டுற இடத்துல எது இருந்தாலும் எடுத்துக் குடிச்சிடுவார்" என்று நேற்றுகூடச் சொல்லிச் சிரித்தாள். மகளுக்கும் இஷ்டமில்லை என்று அபூ வலீதுக்கு நிம்மதி. யோசனையும் அந்தச் சிரிப்பிலிருந்துதான் பிறந்தது.

"படம் வரைவியாமே" என்றார் இப்போது. "முற்றத்துக் கூண்டுல இருக்கிற என் கௌதாரியை வரைஞ்சு காட்டு பார்ப்போம். ஜன்னல்ல இருக்கிற ஸாத்தர் செடியும் படத்துல வரணும். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

நிஸாரின் முகம் மலர்ந்துவிட்டது. பைக்குள் கைவிட்டு நோட்டையும் வண்ணப் பெட்டியையும் எடுத்தான். பெண் கேட்க வந்த இடத்துக்கும் அவற்றைக் கொண்டுவந்திருக்கிறானே என்று அபூ வலீத் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். காபிக் கோப்பையை அவன் வலது கைப்பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தார். பிரஷ் கழுவத் தண்ணீர் கொண்டுவரும்படி ஜுமானாவுக்குக் குரல் கொடுத்தார். அபூ ஹைதம் அங்கேயே இருந்தால் காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று, கூண்டைத் தூக்க ஒரு கை கொடுங்கள் என்று சொல்லி முற்றத்துக்கு அழைத்துப்போனார்.

திரும்பி வந்தபோது ஸாத்தர் தொட்டி மேசைக்கு வந்திருந்தது. அதன் ஒரு கிளை, இலை இலையாகப் பேனாக் கோடுகளில் தாளில் ஏறியிருந்தது. நிஸார் தலை நிமிரவில்லை. கூண்டை எதிரில் வைத்ததும் கௌதாரியின் கண்ணிலிருந்து தொடங்கினான்.

மை காய்ந்ததும் வண்ணம். அலகுக்குச் சிவப்பு, முதுகுக்குப் பழுப்பு. தொண்டையை மட்டும் தொடாமல் தாளின் வெள்ளையிலேயே விட்டான். பிரஷ் நேராகப் போய் அவன் கைப்பக்கத்துக் கோப்பைக்குள் இறங்கியது.

அபூ ஹைதம் பதறிப்போய் வாயைத் திறந்தார். "வரையும்போது பேசக் கூடாதாம்" என்று அபூ வலீத் அவர் வாயில் ஒரு பேரீச்சம்பழத்தைத் திணித்தார். பாவம், மனுஷன் கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல் தம்பி மகன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அபூ வலீத் தாளை எட்டிப் பார்த்தார். அவருடைய கௌதாரிக்கு இடது காலில் ஒரு நகம் கிடையாது. வீட்டில் யாரும் கவனித்ததில்லை, அவருக்கு மட்டும்தான் தெரியும். படத்திலும் அந்த நகம் இல்லை. மாஷா அல்லாஹ் என்று அவரையறியாமல் வாயில் வந்துவிட்டது. சட்டென்று பல் டாக்டரை நினைத்துக்கொண்டார்.

நிஸார் கடைசி இறகைத் தீட்டிவிட்டு, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையை நீட்டினான். கோப்பையை எடுத்தான். ஒரே மடக்கில் குடித்தான்.

"குடிச்சாச்சு" என்றார் அபூ வலீத், தொடையில் தட்டி. "நீங்களே சாட்சி, அபூ ஹைதம். நல்ல பையன்தான், எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. என்ன செய்ய, காபியைக் குடிச்சிட்டானே."

நிஸாருக்கு அப்போதுதான் சுயநினைவு வந்தது. காலிக் கோப்பையைப் பார்த்தான். முகம் வெளிறிப்போய், பிறகு கசப்பில் கோணியது. உதட்டில் பழுப்புக் கறை. அபூ ஹைதம் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவருகே நின்ற ஜுமானா நிதானமாக வந்து, ஸாத்தர் தொட்டியை ஒரு சாண் நகர்த்தினாள். அதன் பின்னால், அதே மாதிரி இன்னொரு கோப்பையில், ஆடை படிந்து ஆறிப்போன காபி ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தது.

"அவர் குடிச்சது பிரஷ் கழுவின தண்ணிப்பா" என்றாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா, இதைச் சூடு பண்ணிக் கொண்டுவரேன்."

அபூ வலீத் மகளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வாரமாக அந்த மறதிக் கதைகளைத் தன் காதில் போட்டுக்கொண்டே இருந்தவள் இவள்தானே என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.