பாசி பிடித்த தொட்டி

மறுபடியும் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

அவள் மொட்டை மாடியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். சிமெண்ட் தொட்டிகளில் தங்கமீன் வளர்த்து விற்கிறவள். அவளுக்கென்று இருந்த ஒரே சம்பாத்தியம் இது. ஒன்றிரண்டு சாவது புதிதில்லை. இப்படிக் கொத்துக்கொத்தாகச் சாவதுதான் புதிது.

தண்ணீரா? அதே போர் தண்ணீர். தீனியா? அதே கடைத் தீனி.

எதிர்வீட்டு தெய்வானை போன வாரம் வந்து, அடேயப்பா எவ்வளவு குஞ்சு என்று வாயைப் பிளந்தாளே. அந்தக் கண்தான். உப்பும் மிளகாயும் எடுத்துத் தொட்டிகளைச் சுற்றிப் போட்டாள். மீனுக்குத் திருஷ்டி கழித்த முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும்.

மறுநாளும் செத்தன.

தண்ணீரை இறைத்துக் கொட்டினாள். குழாயில் இறங்கி ஏரிப் பக்கம் ஓடியது. புதுத் தண்ணீர் விட்டாள். மாற்ற மாற்ற விரலிடுக்கெல்லாம் வெடித்தது. வெடிக்க வெடிக்கக் கிரீமை எடுத்துத் தடவினாள்.

மல்லிகை வாசனைக் கிரீம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு முழம் பூ வாங்கி வராத மனுஷன், போன மாதம் அவள் கையைப் பார்த்துவிட்டு வாங்கி வந்து நீட்டியது. காலையில் அதைத் தடவிக்கொண்டுதான் மாடியேறுவாள். மோந்து மோந்து பார்ப்பாள், வெட்கங்கெட்டவள். பிறகு வலது கையில் தீனியை அள்ளித் தண்ணீருக்குள் விடுவாள். குஞ்சுகள் வந்து விரலைக் கவ்வும். அது ஒரு சுகம்.

அன்றும் தடவிக்கொண்டு ஏறியபோதுதான் மூலைத் தொட்டி கண்ணில் பட்டது. உடைந்த கட்டிலுக்குப் பின்னால் கிடப்பது. அதில் கை வைத்தே நாளாகிறது. எட்ட நின்று தீனியை வீசுவதோடு சரி. பாசி பிடித்து, பார்க்கச் சகிக்காத தண்ணீர்.

உள்ளே அத்தனையும் உயிரோடு இருந்தன.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பார்த்துப் பார்த்துச் செய்த இடத்தில் சாவு. திரும்பியே பார்க்காத இடத்தில் கொண்டாட்டமா?

குனிந்தாள். நிழலைக் கண்டதும் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. மற்றத் தொட்டிகளில் செய்வதுபோல் கையை நீட்டினாள்.

மல்லிகை மணந்தது.

கை அப்படியே நின்றது.

பக்கத்து வாளித் தண்ணீரில் ஒரு விரலை விட்டாள். மெல்லிய எண்ணெய்ப் படலம் விரிந்து வெயிலில் நிறம் நிறமாக மின்னியது.

இதுவா? இவ்வளவு நல்ல வாசனையா?

கொட்டிய தண்ணீரெல்லாம் ஏரிக்குத்தானே போயிருக்கும்?

படியில் செருப்புச் சத்தம். அவள் புருஷன். கையில் புது ட்யூப். மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தான். அவனாக மாடியேறி வந்ததே இல்லை.

"குடு, நான் தடவி விடறேன்."

அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

இடது கையை நீட்டினாள். வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.